மூன்றாவது ஆட்டம்

கால்பந்து அணி தன் பயிற்சியாளரை அனுப்பிவிட்டது என்ற செய்தி பெரும்பாலும் விளக்கு வைத்த பிறகுதான் வரும். நாலே வரி. 'இரு தரப்பும் பேசி மனமொத்துப் பிரிகிறோம்', 'அவருடைய உழைப்புக்கு நன்றி', 'எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்'. அது வந்த அரை மணிக்குள் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். "ரசிகர்கள் என்ன சொல்றாங்கன்னு இருநூறு வார்த்தை அனுப்பு. முதல் எடிஷனுக்கே வேணும்." தலைப்பு அதற்கு முன்பே பக்கத்தில் ஏறியிருக்கும்: 'ரசிகர்கள் கொந்தளிப்பு'.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த அந்த விளையாட்டு நிருபர் இப்படிப்பட்ட போன்களைப் பல பருவங்களாக எடுத்துவருகிறார். தொழிலில் அவர் முதலில் தெரிந்துகொண்டது, அன்றிரவு யாரும் கொந்தளிப்பதில்லை என்பதைத்தான். கொந்தளிக்க வேண்டியதையெல்லாம் ரசிகர்கள் போன வாரமே கேலரியில் கொந்தளித்து முடித்திருப்பார்கள். கோச் போன ராத்திரியில் அவர்களிடம் மிஞ்சியிருப்பது இரண்டு பேச்சு. ஒன்று, "லேட்டு சார், எப்பவோ அனுப்பியிருக்கணும்." மற்றது, "இன்னும் ரெண்டு மேட்ச் குடுத்துப் பார்த்திருக்கலாம்." இரண்டையும் ஒரே ஆள் ஒரே போனில் சொல்லிக் கேட்டிருக்கிறார் நிருபர். இதை வைத்து இருநூறு வார்த்தை எழுதலாம். எழுதியிருக்கிறார். ஆனால் பதில் என்று அவர் எடுத்துக்கொள்வது அதை அல்ல. புதிய ஆள் வந்து மூன்றாவது உள்ளூர் ஆட்டத்துக்கு யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எத்தனையாவது நிமிடத்தில் எழுந்து போனார்கள் என்பதைத்தான் அவர் பார்ப்பார்.

முதல் ஆட்டத்துக்கு வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். இரண்டாவதுக்கு நம்பிக்கையில் வரும். மூன்றாவதில்தான் கணக்கு தெரியும்.

கூட்டத்தைப் படிக்கும் இந்தப் பழக்கம் அவருக்குக் கால்பந்தில் வந்ததல்ல. வீட்டில் குழித்தறி, அப்பா நெசவு. பத்திரிகைத் தொழிலுக்குள் வந்தபோது கிடைத்தது காஞ்சிபுரம் பகுதிநேர நிருபர் வேலை. கூட்டுறவுச் சங்கத்தில் போனஸ் பேச்சு, நெசவுக் கூலி உயர்வு, பட்டுநூல் விலை, அப்புறம் திருவிழா. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவை என்றால் விடியற்காலையிலேயே ராஜவீதிகளில் நிற்க வேண்டும். எவ்வளவு கூட்டம் என்று டெஸ்க் கேட்கும். ஆளாளுக்கு ஒரு எண் சொல்வார்கள். மோர்ப் பந்தல்காரரிடம் எத்தனை அண்டா காலியாயிற்று என்று கேட்பதும், எந்தத் தெருமுனையில் பெருமாளின் குடை நின்றுபோயிற்று என்று பார்ப்பதும் மேல் என்று ஒரு மூத்த நிருபர் சொல்லிக் கொடுத்தார். 2019இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி வரதர் எழுந்தருளி, ஜூலை 1 முதல் 48 நாள் ஊரே மூச்சுவிட இடமில்லாமல் கிடந்தபோது அந்தப் பாடம் உச்சத்துக்குப் போனது. ஒரு கோடிக்கு மேல் பேர் வந்து போன அந்த நாட்களில் அவர் தெரிந்துகொண்டது, கூட்டம் வாயால் பேசாது, காலால் பேசும் என்பது.

கால்பந்து வந்தது மாமா வழியாக. மாமாவுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை. பள்ளி விடுமுறையில் அங்கே போனால் சாயங்காலங்களில் சீனியர் டிவிஷன் லீக் ஆட்டம் பார்க்கலாம். ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்ற தேசியக் கட்டுமானங்களுக்கெல்லாம் கீழே, சென்னைக் கால்பந்து சங்கம் நடத்தும் உள்ளூர்ப் போட்டி அது. ஆடுவது பெரும்பாலும் அலுவலக அணிகள்: இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத் துறை, வருமான வரித் துறை. இவற்றில் இந்தியன் வங்கி தேசியக் கால்பந்து லீக் வரை போய் ஆடிய அணி. அதில் ஆடிய சையத் சபீர் பாஷாவும் ராமன் விஜயனும் இந்திய அணிக்கும் ஆடியவர்கள்.

அலுவலக அணியில் கோச் என்பவரும் ஊழியர்தான். காலையில் மைதானம், பிற்பகலில் மேஜை. அதனால் அங்கே கோச் மாற்றம் என்பது அறிக்கையாக வராது. இடமாறுதல் உத்தரவாகவோ ஓய்வுபெறும் தேதியாகவோ வரும். சில நேரம் மேலதிகாரி மாறுவார், அவரோடு விளையாட்டுச் செயலர் மாறுவார், கோச்சும் மாறுவார். ரசிகர்கள் என்று பார்த்தால் சில நூறு பேர். பாதிப் பேர் அதே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு டச்லைனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கோச்சின் காதுக்குச் சரியாக எட்டும் தூரத்திலிருந்து பேசுவார்கள். "அந்தப் பையன எடுடா, கால் தூக்க மாட்டேங்குறான்." கோச் திரும்பிப் பார்த்து, "இருங்கண்ணே, ஹாஃப் டைம் ஆவட்டும்" என்பார். உலகத்தில் எந்தப் பெரிய கிளப்பிலும் ரசிகருக்கு இந்த உரிமை கிடையாது.

அப்படி ஒரு துறை அணியில் லீக் நடுவே கோச் மாறினார். பெயர் வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த அணி. பெருசுகள் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வந்தார்கள். வழக்கமான இடத்தை விட்டுவிட்டு மைதானத்தின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். புதிய கோச்சுக்கு எதுவும் கேட்காத தூரம். பழைய கோச் எங்கேயோ ஒரு கிளையில் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். நிருபர் எழுதிய முதல் 'ரசிகர் எதிர்வினை' செய்தி அதுதான். பத்து வரி வந்தது. யாரும் எதுவும் சொல்லாததை வைத்து என்ன எழுதுவது என்று டெஸ்க்கில் கேட்டார்கள். இடம் மாறி உட்கார்ந்ததை எழுதினார்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். வந்தது. அதில் ஆடிய 'சென்னையின் எஃப்.சி.' அணிக்கு முதல் பயிற்சியாளர் மார்கோ மாத்தராட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே இத்தாலியர். பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். காஞ்சிபுரத்தில் அதுவரை கால்பந்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் இவரைத் தெரிந்திருந்தது, அந்த முட்டலால். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள் குழுவாக மேட்ச்சுக்குப் போக ஆரம்பித்தார்கள். இவர்களில் பலர் தறியில் உட்கார மாட்டோம் என்று கம்பெனிக்குப் போன நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்குப் போகும் ரயிலில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பெரியமேடு நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். போவது எளிது. ஏழரை, எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து திரும்பி வருவதுதான் பாடு. இந்தக் கடைசி வண்டி விவகாரம் கோச் மாற்றத்தோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். உண்டு. எழுபது நிமிடத்தில் எழுந்து போகிறவன் கோச் மேல் கோபத்தில் போகிறானா, வண்டிக்காகப் போகிறானா என்று தெரியாமல் 'ரசிகர்கள் வெளிநடப்பு' என்று எழுதிவிடக் கூடாது. நிருபர் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

மாத்தராட்சியின் இரண்டாவது பருவம் ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. 2015 நவம்பர். "கோச்ச மாத்து" என்ற பேச்சு கேலரியில் கேட்டது. அப்புறம் கடைசி லீக் ஆட்டங்களை வரிசையாக வென்று அணி அரையிறுதிக்கு ஏறியது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியதால் உள்ளூர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டிவந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 வென்றது. டிசம்பர் 20 கோவா இறுதியில் கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்தது, ஒரு சுயகோலும் மெண்டோசாவின் கோலுமாக 3-2. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஊரில் அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதைக் காஞ்சியிலிருந்தே பார்த்தார் நிருபர். அடுத்த பருவம் எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2017 மார்ச்சில் மாத்தராட்சி பிரிந்தார். அன்று டெஸ்க் போன் செய்து கருத்துக் கேட்டபோது பையன்கள் பேசியது 2016 பற்றி அல்ல, 2015 டிசம்பர் பற்றி. கோப்பை வாங்கிக் கொடுத்தவர் போகும்போது தோற்ற ஆட்டங்கள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஜான் கிரிகோரி விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். வந்த முதல் பருவத்திலேயே, 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூருவையே 3-2 வென்று இரண்டாவது கோப்பை. மைல்சன் இரண்டு தலையடி கோல், ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அடுத்த பருவம்? 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். சாம்பியனாக இருந்த அணி அடுத்த வருஷமே கடைசிக்குப் போவது எளிதில் நடக்கிற காரியமல்ல. ஆனாலும் கிரிகோரி தொடர்ந்தார். 2019-20இல் முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை.

ஐந்தாவது ஆட்டம் நேரு ஸ்டேடியத்தில், ஹைதராபாத்துடன். தொண்ணூறு நிமிடம் தாண்டியும் 0-0. கூட்டத்தில் ஒரு பகுதி கிளம்பிவிட்டது. காஞ்சிப் பையன்கள் வண்டிக்காக மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடுதல் நிமிடங்களில் ஷெம்ப்ரி கோல். பையன்கள் திரும்ப ஓடி ஏறினார்கள். ஏறி முடிப்பதற்குள் ஹைதராபாத் சமன் செய்தது. அதற்கடுத்து வால்ஸ்கிஸ் கோல். 2-1. வண்டி போனது போனதுதான். அன்றிரவு அவர்கள் கோயம்பேட்டில் டீ குடித்துக்கொண்டு கிரிகோரியை மன்னித்துவிட்டார்கள். அடுத்த ஆட்டம் சமன். நவம்பர் 30 அன்று கிரிகோரி பிரிந்தார்.

அந்தச் செய்தியின்போது நிருபர் பேசியவர்களில் ஒருவர் பையன் அல்ல. அறுபதைத் தொட்ட நெசவாளர். மகனோடு மேட்ச்சுக்குப் போய் ஒட்டிக்கொண்டவர். "போனது சரியா தப்பான்னு கேக்காதீங்க. பாதியில போனதுதான் எனக்கு ஆவல" என்றார். ஒரே பாவில் பாதிச் சேலைக்குமேல் வேறு ஆள் உட்கார்ந்தால், சாயம் அதே, ஜரிகை அதே, டிசைன் அதே. ஆனால் பலகை அடிக்கிற அழுத்தம் மாறிவிடும். துணியைத் தடவிப் பார்க்கிற வியாபாரிக்கு எந்த இடத்தில் ஆள் மாறினார் என்பது விரலில் தெரியும். "மிச்ச சீசன்ல அந்த எடம் தெரியும், பாருங்க" என்றார் அவர்.

அவர் சொன்னது பலிக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் கோயல் வந்தார். பர்ன்லியை 2009இல் பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். அதே ஆட்டக்காரர்கள். கோயல் ஓடவிட்ட வேகம் வேறு. அணி நான்காம் இடத்தில் முடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டியது. வால்ஸ்கிஸ் 15 கோல். 2020 மார்ச் 14 இறுதி ஆட்டம் கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில், ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. மூன்றாவது உள்ளூர் ஆட்டத்துக்குள்ளேயே கேலரி பழைய இரைச்சலுக்குத் திரும்பியிருந்தது என்பதை நிருபர் குறித்துவைத்திருக்கிறார். நெசவாளர் விட்டுக்கொடுக்கவில்லை. "ஃபைனல்ல தெரிஞ்சுதில்ல" என்றார்.

இதே காலத்தில் வேறொரு அணியின் கதை மேற்கே நடந்துகொண்டிருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2017இல் ஐ-லீக்கில் நுழைந்த முதல் பருவத்தின் நடுவிலேயே ராபின் சார்லஸ் ராஜாவுக்குப் பதில் வி. சௌந்தரராஜன் பயிற்சியாளரானார். 2018இல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் வந்தார். பந்தைத் தரையோடு குறுக்குப் பாஸ்களில் நகர்த்தும் ஆட்டம். முன்னால் ஸ்பானியர்கள், அவர்களோடு எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளிச் சாம்பியன். பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. கோவையில் அந்தக் கடைசி ஆட்டத்தன்று கூடிய கூட்டத்தைப் பார்த்த நிருபருக்கு, தமிழ்நாட்டில் கால்பந்துக்கு ஆள் வராது என்ற பேச்சை இனி யாரும் பேச முடியாது என்று தோன்றியது.

அக்பர் நவாஸ் 2020இல் போனார். அவர் இடத்துக்கு இன்னொரு சிங்கப்பூர்க்காரர் சத்யசாகரா. அந்தப் பருவ ஐ-லீக் முழுதும் வங்காளத்தில், ரசிகர் இல்லாமல். டெஸ்க் கருத்துக் கேட்டபோது நிருபர் கோவையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். பாதிப் பேருக்குக் கோச் மாறியதே தெரியாது. கொந்தளிப்பதற்கு ஒரு கேலரி வேண்டும். அது இல்லாவிட்டால் சாம்பியன் கோச் போனதுகூடக் காலண்டரில் தாள் கிழித்த மாதிரி போய்விடும். அடுத்த பருவம் அந்த அணியே ஐ-லீக்கில் இல்லை. தமிழ்க் கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாத இடம்.

சென்னையின் எஃப்.சி.க்கும் அதே கதிதான் வந்தது, வேறு விதத்தில். கோயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். ஹங்கேரியர் சாபா லாஸ்லோ வந்தார், 2020-21 முழுதும் கோவாவில், பூட்டிய மைதானத்தில், எட்டாவது இடம், போனார். மாண்டினிக்ரோவின் போஷிதார் பாண்டோவிச் வந்தார், 2021-22உம் கோவாவில், 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 தோற்றதும் போனார். இந்த இருவரும் நேரு ஸ்டேடியத்தில் சென்னை ரசிகர் முன்னால் ஒரு ஆட்டத்தில்கூட நின்றதில்லை. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. டி.வி.யில் பார்த்த ஆள் மேல் கோபம் வருமா என்று நிருபர் கேட்டதற்கு ஒரு பையன் சொன்னான்: "சீரியல் வில்லன் மாதிரி சார். கோபம் வரும், ஆனா நேர்ல பார்த்தா செல்ஃபி எடுத்துக்குவோம்."

பாண்டோவிச்சுக்குப் பிறகு மிச்ச ஆட்டங்களுக்கு இடைக்காலப் பொறுப்பேற்றவர் சபீர் பாஷா. இந்தியன் வங்கியின் அதே பாஷா. பல வருஷமாக அணியின் துணைப் பயிற்சியாளர். காஞ்சிப் பையன்களுக்கு இருந்ததெல்லாம் ஒரே கேள்வி: "நம்மாளு நல்லா பண்ணா பர்மனன்ட் ஆக்குவாங்களா?" சீனியர் டிவிஷன் பெருசுகளுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, அவர்களுக்குப் பாஷா இன்னும் கோல் அடிக்கிற பையன். ஆக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச் வந்தார். 2022 அக்டோபரில் நேரு ஸ்டேடியம் ரசிகருக்குத் திறந்தபோது, வாசலில் இருந்த கூட்டத்துக்கு யார் கோச் என்பது இரண்டாம் பட்சம். மறுபடி உட்கார இடம் கிடைத்ததே பெரிது.

ரசிகர் கையில் அதிகாரம் இருந்தால் எப்படி இருக்கும் என்று நிருபர் படித்துப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தின் லீக்குக்கு வெளியே உள்ள கிளப்புகளில் இதற்குக் கதைகள் உண்டு. 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டை அமெரிக்க கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து வெளியேறிய ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாகக் கிளப் தொடங்கினார்கள்; உறுப்பினர் ஒருவருக்கு ஒரு ஓட்டு. முதல் மேனேஜர் கார்ல் மார்ஜின்சன் நான்கு படி ஏற்றிவிட்டு, 12 வருஷத்துக்குப் பின் 2017 அக்டோபரில் விலகினார். எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட்டை 2008இல் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கினார்கள். அணியைக்கூட ஓட்டுப் போட்டுத் தேர்வு செய்யலாம் என்பதுதான் திட்டம். ஆனால் தேர்வை மேனேஜர் லியம் டெய்ஷ் கையிலேயே விட்டார்கள். அந்த வருஷமே வெம்ப்ளியில் எஃப்.ஏ. டிராஃபி வென்றார்கள். ஓட்டு கிடைத்தும் அவர்கள் கோச்சின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளவில்லை என்பது நிருபருக்குப் பிடித்த தகவல். பெரம்பூர்ப் பெருசுகள் கேட்டதும் கோச்சின் வேலை அல்ல, பக்கத்தில் உட்கார ஓர் இடம்தானே.

இதைப் பையன்களிடம் சொன்னபோது வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "ஓட்டெல்லாம் வேணாம் சார். போனா ஏன் போனார்னு சொல்லணும். அவ்ளோதான்." அறிக்கையில் அது ஒருபோதும் இருப்பதில்லை. இதைச் சொல்லும்போதுதான் அவர்கள் குரலில் உண்மையான கோபம் ஏறுகிறது என்பதை நிருபர் பலமுறை கவனித்திருக்கிறார். போனவர் மேல் அல்ல, வரப்போகிறவர் மேலும் அல்ல. நாலு வரியில் தங்களைக் கடந்துபோவதன் மேல். 'கொந்தளிப்பு' என்ற தலைப்பின் கீழ் இதை நுழைக்க அவர் எழுதிப் பார்த்த வாக்கியங்கள் பெரும்பாலும் இடம் போதாமல் கடைசியில் வெட்டுப்பட்டவை.

2023இல் கோயல் திரும்பி வந்தார். விட்டுப் போனவர், ஜாம்ஷெட்பூருக்கு 2022இல் லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தவர். ஊடல் இருக்கும் என்று டெஸ்க் எதிர்பார்த்தது. வாசலில் அது இல்லை. ஊரை விட்டுப் போய்ப் பிழைத்துத் திரும்பி வந்தவரை விசாரிப்பது போல, "அங்க எப்படி இருந்தீங்க?" என்கிற பாவம்தான் இருந்தது. பருவம் ஆறாவது இடத்தில் முடிந்தது. பிளே-ஆஃப் வரை போனது. மறு பருவம் 13 அணிகளில் 11. கேலரியில் இடைவெளிகள் விழுந்தன. அணி பின்தங்கிய ஒரு ஆட்டத்தில் மேளம் அடிக்கிறவர்கள் நிறுத்தியதை நிருபர் கேட்டார். மேளம் நின்றதும் பெஞ்ச் பக்கத்துச் சத்தம் மேலே வரை கேட்டது. கோயல் கத்தியது தமிழ்நாட்டுக் கேலரிக்குப் புரியாத ஸ்காட்லாந்து ஆங்கிலம். மறுநாள் யாரும் கொந்தளிக்கவில்லை. ஆனால் அந்த மேளத்துக்காரர்களில் ஒருவர், "கை வலிச்சுது சார், அதான்" என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

2025இல் கோயல் இரண்டாம் முறை பிரிந்தார். கிளிஃபர்ட் மிராண்டா வந்தார்; கோவாக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், 2023இல் ஒடிசாவுக்குச் சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். சென்னையின் எஃப்.சி. முழுப் பொறுப்போடு ஓர் இந்தியரைப் பயிற்சியாளராக்கியது இதுதான் முதல் தடவை. வழக்கம்போல சாயங்காலம் செய்தி. வழக்கம்போல போன். தலைப்பு மட்டும் இந்தமுறை மாறியிருந்தது: 'ரசிகர்கள் உற்சாகம்'.

அந்தச் சமயத்தில் ஐ.எஸ்.எல். நடக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, புதுப்பிக்கப்படவில்லை, செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய பருவத்துக்குத் தேதி இல்லை. நிருபர் பிள்ளையார்பாளையத்தில், இரவு ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பையன் ஒருவனைப் பிடித்தார். 2014இலிருந்து போய்க்கொண்டிருப்பவன்; இப்போது அவனுக்கே கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது.

"புது கோச் பத்தி ஒரு வார்த்தை சொல்லு."

"இந்தியன் கோச், நல்லதுதான் சார். நான் கேட்டதும் அதான்."

"மேட்ச்சுக்குப் போவியா?"

"மேட்ச் எப்ப சார்?"

"தெரியல."

"மொதல்ல அத தேதி போடச் சொல்லுங்க. லீவு எழுதிக் குடுக்கணும்" என்றான். பஸ் வந்துவிட்டது. நிருபர் அதை அப்படியே இருநூறு வார்த்தையின் முதல் வரியாக வைத்து அனுப்பினார்.